பாம்புத் தொட்டிக்குச் சூடு வைப்பதில் நடக்கும் தவறுகள்

டொரன்டோவிலோ லண்டனிலோ முதல்முறையாகப் பாம்பு வாங்கப் போகிறவர்கள் கடையில் பெரும்பாலும் கேட்பது, "எத்தனை வாட் பல்பு போட வேண்டும்?" என்றுதான். அதற்கு முன்னால் வாங்க வேண்டிய பொருள் ஒன்று இருக்கிறது: தெர்மோஸ்டாட், அதாவது சூட்டை அளந்து சாதனத்துக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கருவி. சூடு தரும் சாதனம் எதுவானாலும் அதற்கு நிறுத்தத் தெரியாது. தொட்டிக்கும் அலங்காரத்துக்கும் தாராளமாகச் செலவு செய்துவிட்டு இந்த ஒரு பொருளில் மிச்சம் பிடிப்பவர்கள் நிறைய. தீக்காயத்தோடு மருத்துவரிடம் போகும் வளர்ப்புப் பாம்புகள் பெரும்பாலும் அப்படிப்பட்ட வீடுகளிலிருந்துதான் வருகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது.

பாம்பு தன் உடம்புச் சூட்டை வெளியிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. (அடைகாக்கும் நம் ஊர் மலைப்பாம்பு தசைகளை நடுக்கிச் சூடு உண்டாக்கும், அது ஒரு விதிவிலக்கு.) விழுங்கிய எலி செரிப்பதற்கும் நோயை எதிர்க்கும் சக்திக்கும் அந்தச் சூடு வேண்டும். அதிகம் வளர்க்கப்படும் இரண்டை மட்டும் சொல்கிறேன். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பால் பைத்தான் (ball python) என்ற மலைப்பாம்புக்குச் சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 25 முதல் 27. அமெரிக்காவின் கார்ன் ஸ்நேக்குக்கு இவற்றைவிடக் குறைவு: சூடான பக்கம் 28 முதல் 30, மறுபக்கம் 22 முதல் 24 போதும்.

இந்த இரண்டு பக்கக் கணக்கைத்தான் பலர் கவனிப்பதில்லை. தொட்டி முழுவதும் 31 டிகிரி வைத்தால் பாம்புக்குச் சுகம் என்று நினைக்கிறார்கள். சூடு போதும் என்று தோன்றும்போது விலகிப் போக அதற்கு ஓர் இடம் வேண்டும். சூட்டுச் சாதனம் ஒரு ஓரத்தில்தான் இருக்க வேண்டும், நடுவில் கூடாது. ஒளிந்துகொள்ளும் பெட்டியும் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று வேண்டும். ஒரே பெட்டிதான், அதுவும் குளிர்ந்த பக்கம் என்றால், பால் பைத்தான் போன்ற கூச்ச சுபாவி சூட்டை விட்டுவிட்டு மறைவைத்தான் தேர்ந்தெடுக்கும். சாப்பிட்ட எலியைக் கக்கிவிட்ட பிறகுதான் வீட்டுக்காரர் யோசிக்க ஆரம்பிப்பார்.

ஹீட் மேட்டில் நடக்கும் தவறுகள்

மலிவு, சின்னது, கண்ணில் படாது. அதனாலேயே எல்லோரும் முதலில் வாங்குவது ஹீட் மேட், அதாவது தொட்டிக்கு அடியில் ஒட்டும் மெல்லிய மின்சூட்டு விரிப்பு. கட்டுப்பாடில்லாமல் விட்டால் அது 40 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். மேலே மரத்தூளையோ தேங்காய் நார்த்தூளையோ கனமாகப் போட்டால் சூடு வெளியேற வழியில்லாமல் கண்ணாடியிலேயே தங்கும். கண்ணாடி விரிசல் விடுவதும் உண்டு. இங்கேதான் ஏமாற்றும் விஷயம் ஒன்று இருக்கிறது. தூளின் மேற்பரப்பில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் 30 டிகிரி காட்டும், நிம்மதியாகிவிடுவோம். பாம்பு தூளைத் தோண்டிக்கொண்டு போய் நேராகக் கண்ணாடியில் படுத்துக்கொள்ளும், அங்கே 42 இருக்கலாம். ஆகவே அளக்க வேண்டியது பாம்பு போகக்கூடிய மிகச் சூடான புள்ளியை. ஹீட் மேட் வைத்தால் அடியில் போடும் தூள் மெல்லிசாகத்தான் இருக்க வேண்டும்.

"சுட்டால் நகர்ந்துவிடாதா?" என்று கேட்கலாம். பால் பைத்தானின் உதட்டில் இருக்கும் குழிகள் இருட்டில் எலியின் உடல் சூட்டையே கண்டுபிடித்துவிடும். ஆனாலும் வயிற்றுக்குக் கீழே வெந்துகொண்டிருக்கும் பரப்பை விட்டு அது நகராமல் படுத்திருப்பது வளர்ப்பவர்களுக்கும் மருத்துவர்களுக்கும் பழகிய சங்கதி. பாம்பு தானே பார்த்துக்கொள்ளும் என்று எதையும் விட்டுவைக்கக் கூடாது. ஹீட் ராக் என்று விற்கும் செயற்கைச் சூட்டுக் கல்லை வாங்கவே வேண்டாம்.

மேட்டைக் கண்ணாடித் தொட்டிக்கு வெளியே, அடியில், தரைப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் வரும்படி ஒட்ட வேண்டும். தொட்டிக்குச் சின்னக் கால்கள் வைத்து அடியில் காற்று போக விட வேண்டும். மரப்பெட்டிக்கு அடியில் ஒட்டினால் பலனும் இல்லை, தீ ஆபத்தும் உண்டு. மடிந்துபோன மேட்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். இன்னொன்று: மேட் தொட்ட இடத்தைத்தான் சூடாக்கும், காற்றை அவ்வளவாகச் சூடாக்காது. இரவில் வீட்டு ஹீட்டரை 17, 18 டிகிரிக்கு இறக்கிவிடும் வீடுகளில் மேட்டை மட்டும் நம்பினால் பாம்பு குளிர்க்காற்றைத்தான் சுவாசிக்கும்.

பல்பும் செராமிக் ஹீட்டரும்

காற்றைச் சூடாக்க மேலிருந்து வரும் சூடு நல்லது. பகலில் ஹாலஜன் பல்பு, இரவில் வெளிச்சமே இல்லாத செராமிக் ஹீட்டர் என்று வைக்கலாம். தொட்டிக்குள் மாட்டினால் கம்பிக் கூண்டு கட்டாயம். பாம்பு எரிகிற பல்பைச் சுற்றிக்கொள்ளும். செராமிக் ஹீட்டரின் மேற்பரப்பு 200 டிகிரியைத் தாண்டக்கூடியது, ஆகவே ஹோல்டரும் செராமிக்கில் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் ஹோல்டர் உருகும். தொட்டியின் வலை மூடி மேல் கிளிப் விளக்கை வைத்துவிட்டுப் போவதும் ஆபத்து. பூனை தட்டிவிட்டால் விளக்கு திரைச்சீலை மேல்தான் விழும்.

சிவப்பு பல்பைப் பாம்பு பார்க்காது என்று சொல்லி விற்கிறார்கள். ஆனால் பால் பைத்தானின் கண்ணில் நீண்ட அலைநீள ஒளியை, அதாவது சிவப்புப் பக்கத்து ஒளியை, உணரும் செல்கள் இருக்கின்றன. இரவை இருட்டாக விட்டுவிடுவதே சரி. மேலிருந்து வரும் சூடு ஈரத்தையும் உறிஞ்சும், தோல் துண்டு துண்டாக உரியத் தொடங்கினால் அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

வெளிநாட்டு இணையக் கடையில் வாங்குவோர் வோல்டேஜைப் பாருங்கள். கனடாவில் 120, பிரிட்டனில் 230. கனடாவுக்கான பல்பை லண்டனில் மாட்டினால் பல்பு போகும், அதோடு நின்றால் அதிர்ஷ்டம்.

தெர்மோஸ்டாட் இருந்தும் வரும் தொல்லை

ஹீட் மேட்டுக்கு, மின்சாரத்தை முழுதாகப் போட்டு அணைக்கும் சாதாரண ஆன்-ஆஃப் வகை போதும். செராமிக்குக்கு, மின்சாரத்தைத் துடிப்புத் துடிப்பாக விடும் பல்ஸ் வகை. பல்புக்கு, மின்சாரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிக் குறைக்கும் டிம்மிங் வகைதான். பல்பை ஆன்-ஆஃப் வகையில் மாட்டினால் நாள் முழுக்க அணைந்து எரிந்து சீக்கிரம் ஃபியூஸ் போகும், பாம்புக்கும் எரிச்சல்.

தெர்மோஸ்டாட்டுக்காகத் தொட்டிக்குள் சூட்டை அளக்கும் சென்சார் வயரில்தான் பெரிய ஆபத்து. பாம்பு அதைத் தள்ளிக் குளிர்ந்த மூலைக்கு இழுத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். தெர்மோஸ்டாட்டுக்கு எங்கும் குளிர் என்றே தோன்றும். சூட்டை ஏற்றிக்கொண்டே போகும். சென்சாரை அசையாமல் பொருத்த வேண்டும். அதற்காகத் தொட்டிக்குள் டேப் ஒட்டாதீர்கள். டேப்பில் ஒட்டிக்கொண்ட பாம்பைப் பிரித்தெடுக்கும்போது செதில் பிய்ந்து வரும். கேபிள் கிளிப்பே போதும். தெர்மோஸ்டாட் காட்டும் எண்ணை மட்டும் நம்பாமல், குறைந்த, கூடிய அளவுகளை நினைவில் வைக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றைத் தனியாக வையுங்கள். கண்ணாடியில் ஒட்டும் வட்ட டயல் மீட்டர் வெறும் அலங்காரம்.

மின்சாரம் போனால்

2013 டிசம்பரில் வந்த பனிமழைப் புயலில் டொரன்டோவில் லட்சக்கணக்கான வீடுகள் இருளில் மூழ்கின, சில இடங்களில் நாள் கணக்கில். அப்படி ஆனால் முதலில் ஹீட்டர்களின் பிளக்கைப் பிடுங்குங்கள். அப்புறம் காற்றுத் துளைகளை விட்டுவிட்டுத் தொட்டியைக் கம்பளியால் சுற்றுங்கள். பிளக்கை விட்டுவைத்தால், மின்சாரம் திரும்பியதும் கம்பளிக்குள் விளக்கு எரியும். நேரம் நீண்டால் பாம்பைத் துணிப்பையில் கட்டி, காற்றுத் துளையிட்ட தெர்மகோல் பெட்டியில் வைத்து, துண்டு சுற்றிய வெந்நீர்ப் பாட்டிலைப் பக்கத்தில் வைக்கலாம். சூடு பழையபடி வரும்வரை தீனி கூடாது.

தமிழ்நாட்டில் கதை தலைகீழ். நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்ப்பது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். பால் பைத்தான் போன்ற அயல்நாட்டுப் பாம்பு என்றாலும் பதிவு செய்ய வேண்டும். அப்படிப் பதிவு செய்து வைத்திருப்பவருக்குச் சென்னை மே மாதத்தில் ஹீட்டர் தேவையே இல்லை. அறை 35 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதுதான் அங்கே வேலை.

எங்கே வளர்த்தாலும், எல்லாவற்றையும் மாட்டிக் காலித் தொட்டியை இரண்டு நாள் ஓட விடுங்கள், இரவையும் சேர்த்து. எண்கள் நிலையாக நின்ற பிறகு பாம்பைக் கொண்டு வரலாம்.