சாரா காசுல சத்தா வாங்குறது எப்படி (தோட்டத்துல இருக்கறவங்களுக்கு)

மலேசியாவுல சாமான் வாங்க அரசாங்கம் கொடுக்குற உதவிதான் சாரா (SARA) காசு. அது ஐசில (அடையாள அட்டையில) ஏறுனதும் நாங்க எல்லாம் வேன் பிடிச்சி டவுனுக்கு ஓடிருவோம், எங்க லயத்து (தோட்டத்து வரிசை வீடுங்க) மூலைக்கடையில ஐசி படிக்கிற மெஷின் இல்ல. டவுன் சூப்பர்மார்க்கெட்ல டிராலில முதல்ல விழுறது மேகி, பிஸ்கட், மைலோ (நானும் அப்படித்தான், பொய் சொல்ல மாட்டேன்), வேன் காசு வேற தனி.

முதல்ல இது எப்படி ஓடுதுன்னு தெரிஞ்சிக்குங்க. இது ரொக்கமா வராது, பதிவு பண்ண கடையில, அனுமதிச்ச வகை சாமானுக்கு மட்டும் கவுண்டர்ல ஐசி கொடுத்தா கழியும். 2025 ஆகஸ்ட் 31ல இருந்து 18 வயசும் அதுக்கு மேலயும் உள்ள மலேசியக்காரங்க எல்லாருக்கும் ஒரு தடவ 100 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தாங்கல்ல, அதுவும் இப்படித்தான். அதனால மெஷின் இருக்குற கடைக்குத்தான் கூட்டம். எங்க மூலைக்கடை அண்ணன் முன்ன வாரம் 3 தடவ கங்கோங், சாவின்னு கீரை எடுப்பாரு, இப்ப சனிக்கிழம மட்டும், போன வாரம் வாடிப்போன சாவிய கோழிக்கு அள்ளிப் போட்டத நானே பாத்தேன். மத்த நாள்ல கீரை வேணும்னா நமக்குத்தான் அலைச்சல்.

அதனால நான் இப்ப காச ரெண்டா பிரிக்கிறேன். ஐசில அரிசி, முட்டை, சார்டின், இந்த மாதிரி வச்சாலும் கெடாதது, கொஞ்சமா கெடுறது. பருப்பு பாக்கெட் கழியுமான்னு கவுண்டர்ல முன்னாடியே கேட்டுக்குங்க, பில் போட்டப்புறம் திருப்பிக் கொடுத்தா பின்னால நிக்கிறவங்க முறைப்பாங்க. மிச்சமாகுற கைக்காசு கீரைக்கும் மீனுக்கும், அத மூலைக்கடையிலயே வாங்குங்க, இல்ல பாசார் மாலாம்ல (ராத்திரிச் சந்தையில). முட்டைக்கு 2025 ஆகஸ்ட் 1ல இருந்து விலைக்கட்டுப்பாடு இல்ல, ரெண்டு கடை பாத்து வாங்குங்க. எண்ணெய் பாட்டில் எடுக்கறதுக்கு முன்ன 1 கிலோ மானிய பாக்கெட் இருக்கான்னு பாருங்க, 2 வெள்ளி 50 காசுதான்.

அப்புறம் மூலைக்கடையில மெஷின் வைக்கச் சொல்லிக் கேளுங்க. சும்மா "போடுங்கண்ணே"ன்னா தலையாட்டிட்டு விட்ருவாரு, எத்தன வீடு, மாசம் எவ்வளவு வாங்குவோம்னு எழுதிக் கொடுங்க. நாங்க 18 வீட்டுக் கணக்க எழுதிக் கொடுத்தோம், அண்ணன் அந்தப் பேப்பர மடிச்சி கல்லாவுல வச்சிருக்காரு, போறப்ப வர்றப்ப எட்டிப் பாத்துக்கிட்டு இருக்கேன்.