லிஃப்ட் செய்த ஜீப்புக்குப் பின்பக்க டிரைவ் ஷாஃப்ட்: அளவு டேப்பைக் கையில் எடுக்கும் முன்

என்னுடையது 2001 ரேங்லர் டிஜே. வண்டியை உயர்த்தும் 4 அங்குல லிஃப்ட் போட்டு வெளியே எடுத்தேன். 45 மைல் வேகத்தைத் தொட்டதும் சீட்டுக்கு அடியில் ஒரே உறுமல். பின்னால் வரும் கார் கண்ணாடியில் இரண்டாகத் தெரிந்தது. டயர் பாலன்ஸுக்கு இரண்டு முறை காசு அழுத பிறகுதான், பின் சக்கரங்களுக்கு இழுவையைக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட் பக்கமே பார்த்தேன். லிஃப்ட் வேலை முடிந்த வண்டி உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

டிஜேயின் வீல்பேஸ் 93.4 அங்குலம்தான். பின் ஷாஃப்ட் குட்டை. வண்டி கொஞ்சம் உயர்ந்தாலே சரிவு எகிறிவிடும். மெக்கானிக்குகள் 'கிராஸ்' என்று சொல்லும் யுனிவர்சல் ஜாயின்ட், வளைந்தபடி சுழலும்போது ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். 20 டிகிரியில் இந்த ஏற்ற இறக்கம் மேலும் கீழும் சுமார் 6 சதவீதம். அந்த உறுமல் அதுதான்.

படி 1. கியர்பாக்ஸுக்குப் பின்னால், இழுவையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்முனையைப் பாருங்கள். ஷாஃப்ட் அங்கே சொருகியபடி முன்னும் பின்னும் நகர்ந்தால் அது ஸ்லிப் யோக். டிஜேயில் வரும் என்பி231 டிரான்ஸ்ஃபர் கேஸ் அப்படித்தான். ஷாஃப்டின் சரிவைக் குறைக்க, டிரான்ஸ்ஃபர் கேஸை ஒரு அங்குலம் கீழே இறக்கும் கிட் மலிவு. ஆனால் தரைக்கும் வண்டிக்கும் இடைவெளி வேண்டும் என்றுதானே லிஃப்டே போட்டோம்? அமெரிக்காவின் மோவாப் பாறைப் பாதையில் ஒரு பாறைமேல் வயிறு உட்கார்ந்த அன்றே அதைக் கழற்றிவிட்டேன்.

படி 2. சொருகும் அந்த யோக்கை எடுத்துவிட்டு நிலையான யோக் தரும் ஸ்லிப் யோக் எலிமினேட்டர் கிட் போடுங்கள். இருக்கும் ஷாஃப்டை வெட்டித் துளை போடும் மலிவு வகை வேண்டாம். டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு உள்ளே இருக்கும் மெயின் ஷாஃப்டையே மாற்றும் வகைதான் என் தேர்வு. இன்னொரு லாபமும் உண்டு. காட்டில் பின் ஷாஃப்ட் உடைந்தால் கழற்றி வண்டிக்குள் போட்டுவிட்டு, முன் சக்கர இழுவையில் வீடு வந்து சேரலாம். பழைய அமைப்பில் ஷாஃப்டை உருவினால் ஆயில் கொட்டிவிடும்.

படி 3. நான் வழுக்கியது இங்கேதான். எலிமினேட்டருக்கு ஏற்ப வாங்கும் புது டிரைவ் ஷாஃப்டின் மேல்முனையில் இரட்டை ஜாயின்ட், அதாவது டபுள் கார்டன், வரும். அந்த இரண்டும் தங்களுக்குள் சரிசெய்துகொள்ளும். அதனால் கீழே பினியன், அதாவது ஷாஃப்ட் போய் மாட்டும் ஆக்சிலின் முன்முனை, கிட்டத்தட்ட ஷாஃப்டின் நேர்கோட்டிலேயே பார்க்க வேண்டும்; ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது அது மேலே எழும் என்பதால் 1 முதல் 2 டிகிரி தாழ்த்தி வைப்பார்கள். நானோ முதலில் நீளம் அளந்து ஆர்டர் கொடுத்துவிட்டு, பிறகு ஆக்சிலைச் சட்டத்தோடு பிணைக்கும் பின் மேல் கன்ட்ரோல் ஆர்மை நீட்டிப் பினியனைத் தூக்கினேன். பினியன் திரும்பும்போது யோக் டிரான்ஸ்ஃபர் கேஸை நெருங்குகிறது என்பது மண்டையில் ஏறவில்லை. அரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி குறைந்துபோனது. முதல் பெரிய பள்ளத்தில், ஷாஃப்டின் நீளம் கூடிக் குறைய உள்ளே நகரும் பல் பகுதியான ஸ்பிளைன் முட்டி 'டங்' என்றது. இரண்டாவது ஷாஃப்டுக்கும் என் பர்ஸ்தான் அழுதது.

இப்போது செய்வது இது: இரு யோக்குக்கும் நடுவே நேரான அலுமினியக் குழாயை வைத்து அதன் சரிவைக் குறிப்பேன். பினியனைத் திருப்பியதும் அந்தக் கோடே மாறும், மறுபடி அளப்பேன். மூன்று சுற்றில் படியும். காந்தம் வைத்த டிஜிட்டல் ஆங்கிள் ஃபைண்டர் வாங்குங்கள். போன் ஆப் வேண்டாம். கேமரா மேடு 2 டிகிரி பொய் சொன்னது.

படி 4. இப்போது டேப்பை எடுத்து ஷாஃப்டின் நீளத்தை அளக்கலாம். வண்டி தன் சக்கரத்தில், சமதளத்தில் நிற்க வேண்டும். ஸ்டாண்டில் ஆக்சில் தொங்கும்போது அளந்தால் நீளம் தவறும்.

33 அங்குல டயர்வரை 1310 என்ற அளவு ஜாயின்ட் போதும் என்பது என் கருத்து. மாட்டும்போது பினியன் பக்க ஸ்ட்ராப் போல்ட்டுக்கு 14 அடி-பவுண்ட் மட்டுமே. பலம் இருக்கிறது என்று முறுக்கினால் ஜாயின்டின் பேரிங் கப் நசுங்கும். அப்புறம் ஆக்சிலை முழுக்கத் தொங்கவிட்டு ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். எங்கும் பிடிக்கக் கூடாது.

பின்குறிப்பு 1: ரேங்லரின் ரூபிகான் வகை, 2003 மாடல் வைத்திருப்பவர் படி 2 தனக்கும் தேவையா என்று கேட்டார். உங்கள் என்வி241 டிரான்ஸ்ஃபர் கேஸில் யோக் ஏற்கெனவே நிலையானது, படி 2 தேவையில்லை.

பின்குறிப்பு 2: மெதுவாகப் போகும்போது கீச் கீச் என்கிறதா? டபுள் கார்டனின் நடு உருண்டையில் கிரீஸ் வற்றியிருக்கும். சாதாரண கிரீஸ் கன் அங்கே நுழையாது, ஊசி மூக்கு வைத்தது வேண்டும். துளை தெரியாவிட்டால் ஷாஃப்டைச் சுற்றிக்கொண்டே தேடுங்கள்; எனக்கு அது எப்போதும் மேல்பக்கம்தான் ஒளிந்திருக்கும்.