முந்தானையில் போன ஊசி

அப்பாவின் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 ரெக்கார்ட் பிளேயரைத் தூசி தட்டும்போது என் முந்தானை ஊசியில் மாட்டிவிட்டது. சத்தம்கூடக் கேட்கவில்லை. பார்த்தால், நுனியைத் தாங்கும் மெல்லிய கம்பி கோணிக்கொண்டு நிற்கிறது. 1985இல் அவர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பெட்டி. அம்மாவிடம் நான்கு நாள் வாயைத் திறக்கவில்லை.

ஊசி போனால் பெரும்பாலும் கார்ட்ரிட்ஜ் (ஊசியின் அசைவை மின்சாரமாக்கும் சின்னத் துண்டு) முழுவதையும் மாற்றத் தேவையில்லை. முன்பக்கம் உருவி வேறு ஊசி செருகலாம். எங்களுடையது ஷ்யூர். அந்தக் கம்பெனி 2018இல் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. மற்றவர்கள் செய்யும் ஊசிகள் கிடைக்கின்றன, ஆனால் தரம் ஆளுக்கு ஆள் மாறும். அதனால் கார்ட்ரிட்ஜையே புதிதாக வாங்கினேன்.

இதில் இரண்டு வகை: காந்தம் அசைவது எம்எம், சுருள் அசைவது எம்சி. டெனான் டிஎல்-103 என்று 1962இல் ஜப்பான் வானொலிக்காகச் செய்த எம்சி ஒன்றை இன்றும் புகழ்கிறார்கள். அதிலிருந்து வருவது 0.3 மில்லிவோல்ட்தான், ஆம்ப்ளிஃபயரில் தட்டுக்கென்று இருக்கும் சாதாரண ஃபோனோ இன்புட்டுக்குப் போதாது. ஊசி தேய்ந்தால் வீட்டிலேயே உருவி மாற்றவும் முடியாது. முந்தானையோடு நடமாடும் வீட்டுக்கு அது சரிவராது. நான் எடுத்தது ஆடியோ-டெக்னிகா விஎம்95இ. 4 மில்லிவோல்ட், நீள்வட்ட நுனி. பின்னால் ஆசை வந்தால் இதே உடம்பில் மைக்ரோலைன், ஷிபாட்டா என்ற இன்னும் நுட்பமான நுனி கொண்ட ஊசிகளைச் செருகிக்கொள்ளலாம். பழைய 78 தட்டுகளின் பள்ளம் அகலம், அதற்கென்று தனி ஊசி உண்டு. எல்பி ஊசியை அதில் வைக்காதீர்கள்.

மாட்டும்போது ஊசியின் மூடியைக் கழற்றாதீர்கள். நான்கு ஒயர்: வெள்ளை இடது பிளஸ், நீலம் இடது மைனஸ், சிவப்பு வலது பிளஸ், பச்சை வலது மைனஸ். ஒயரைப் பிடித்து இழுக்காமல், நுனியில் உள்ள கிளிப்பைச் சாமணத்தால் பிடித்துச் செருகுங்கள். திருகுகளை இப்போதைக்குத் தளர்வாகவே விடுங்கள்.

இனிதான் பொறுமை வேண்டும். ஹெட்ஷெல் (கார்ட்ரிட்ஜைத் திருகி மாட்டும் தலைப்பகுதி) பிளேயரின் கையோடு சேரும் இடத்து ரப்பர் வளையத்திலிருந்து ஊசி நுனி வரை 52 மில்லிமீட்டர் என்பது டெக்னிக்ஸ் கணக்கு. கோணம் சரிபார்க்க இணையத்தில் கிடைக்கும் அளவுத்தாள்களில் பல பேர்வால்ட் என்ற வேறொரு கணக்கு. அதற்கு கார்ட்ரிட்ஜ் சற்று முன்னால் தள்ளி நிற்க வேண்டும். நான் முதல் நாள் 52இல் வைத்துவிட்டு பேர்வால்ட் தாளில் சரிபார்த்து, இரண்டும் ஒத்துவராமல் மண்டையை உடைத்துக்கொண்டேன். ஏதாவது ஒன்றை மட்டும் பின்பற்றுங்கள். தாளை அச்சிட்டால் 100 சதவீத அளவில்தானா என்று ஸ்கேலால் அளந்து பாருங்கள். தாளில் உள்ள இரண்டு புள்ளிகளிலும் கார்ட்ரிட்ஜின் பக்கம் கோட்டுக்கு இணையாக நின்றால் திருகை இறுக்கலாம்.

அடுத்து பாரம். ஆன்டி-ஸ்கேட்டை (கை உள்பக்கம் இழுபடுவதைச் சரிக்கட்டும் திருகு) பூஜ்யத்தில் வைத்து, மூடியை எடுத்துவிட்டு, கை தராசு முள்போல மட்டமாக மிதக்கும் வரை பின் எடையைத் திருகுங்கள். எண் வளையத்தை மட்டும் 0க்குக் கொண்டுவந்து, பிறகு எடையோடு சேர்த்து 2 வரை சுழற்றுங்கள். இந்த ஊசிக்கு 1.8 முதல் 2.2 கிராம் வரை ஆகும். குறைவாக வைத்தால் தட்டு தேயாது என்று நினைப்பது தப்பு. ஊசி பள்ளத்துக்குள் துள்ளித்தான் தட்டைக் கெடுக்கும். பக்கத்துத் தெரு நகைப்பட்டறையில் தராசு கடன் வாங்கினேன். கார்ட்ரிட்ஜின் காந்தம் தராசின் இரும்புத் தட்டை இழுத்து எண் தாறுமாறாகக் குதித்தது. ஊசிக்கென்றே விற்கும் சின்னத் தராசு வாங்கிய பிறகுதான் நிம்மதி. ஆன்டி-ஸ்கேட்டையும் 2இல் வையுங்கள்.

பிளேயரிலிருந்து வரும் ஒயர்களை ஆம்ப்ளிஃபயரின் ஃபோனோ இன்புட்டில் கொடுங்கள். ஆக்ஸ் என்ற பொது இன்புட்டில் கொடுத்தால் பேஸ் இல்லாமல் தகரம் மாதிரிக் கேட்கும். எர்த் ஒயரை மறந்தால் 'ம்ம்ம்' என்று இரையும்.

சோதிக்க ஒரு பக்கத்தின் கடைசிப் பாட்டைப் போடுங்கள். தட்டின் ஓரத்தில் ஊசிக்கடியில் நொடிக்கு 50 சென்டிமீட்டர் ஓடும் பள்ளம், லேபிள் அருகே 21 சென்டிமீட்டர்தான் ஓடுகிறது. அதே ஒலியை அங்கே நெருக்கிப் பொறித்திருப்பதால் கோணப் பிசகு உடனே காட்டிக்கொடுக்கும். நான் போட்டது எக்கோ கம்பெனி வெளியிட்ட ஓர் இளையராஜா தட்டு. ஜானகி குரலில் 'ஸ்' வரும் இடமெல்லாம் எச்சில் தெறிப்பதுபோல இருந்தது. அரை மில்லிமீட்டர் முன்னே நகர்த்தினேன், இன்னும் கொஞ்சம் திருப்பினேன். மூன்றாவது முறை சரியானது. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏன்டி, ஊசியை மாத்துனியா?" என்றாள்.

நீள்வட்ட ஊசிக்குக் கம்பெனி சொல்லும் ஆயுள் 300 மணி நேரம். பக்கத்துக்கு 20 நிமிஷம் வைத்தால் 900 பக்கம். பிளேயருக்கு மேலே தொங்கும் காலண்டரில் பக்கத்துக்கு ஒரு கோடு போட்டுவருகிறேன். நேற்றோடு 212.