நடமாட்டத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் சுவாசக் கருவிகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓய்வாக உட்கார்ந்திருக்கும் ஒருவர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 முதல் 8 லிட்டர் காற்றை உள்ளிழுத்து வெளிவிடுகிறார். அவரே எழுந்து விரைவாக நடந்தாலோ படியேறினாலோ அந்த அளவு சில மடங்கு உயர்ந்துவிடும். நலமான நுரையீரலும் மார்புத் தசைகளும் இந்தக் கூடுதல் வேலையை நாம் உணராமலேயே செய்து முடிக்கின்றன. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், நுரையீரல் தழும்பு நோய், தசைச் சிதைவு நோய் போன்றவை உள்ளவர்களுக்கோ, உட்கார்ந்திருக்கையில் போதுமானதாக இருந்த உதவி சிறிது தூரம் நடந்ததும் போதாமல் போகிறது. நோயாளியின் தேவை கூடும்போது தானும் கூடுதலாக உதவும் கருவிகள் இதற்காகவே வந்துள்ளன. அவை பயனுள்ளவை என்பதில் ஐயமில்லை. ஆனால் 'தானாகச் சரிசெய்துகொள்ளும்' என்ற விளம்பரச் சொல்லை நம்பி எல்லாவற்றையும் கருவியின் பொறுப்பில் விட்டுவிடுவதால் நேரும் தவறுகளும் உண்டு. அவற்றுள் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்து கிளைப்பவை. நீங்கள் படியேறுவது கருவிக்குத் தெரியாது. அது அளந்துகொண்டிருக்கும் ஓரிரு அளவுகள் மாறுவது மட்டுமே அதற்குத் தெரியும்.

ஆகவே முதல் தவறு, தம் கருவி எதை அளக்கிறது என்று கேட்காமலே அதை வாங்குவதும் பயன்படுத்துவதும்தான். சில கருவிகள் மூக்குக்குழாயில் ஏற்படும் சிறு அழுத்த மாற்றத்தைக் கொண்டு மூச்சுகளை எண்ணுகின்றன. மாஸ்க் வழியே அழுத்தத்துடன் காற்றைத் தள்ளி மூச்சுக்கு உதவும் பைபாப், வீட்டு வென்டிலேட்டர் போன்றவை ஒவ்வொரு மூச்சிலும் எவ்வளவு காற்று உள்ளே போயிற்று என்று கணக்கிடுகின்றன. விரலில் மாட்டிய ஆக்ஸிமீட்டர் காட்டும் இரத்த ஆக்சிஜன் செறிவைப் பார்த்து ஆக்சிஜன் ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவிகளும் உள்ளன. தீவிர சிகிச்சைப் பிரிவில், உணவுக்குழாய் வழியே செலுத்திய மெல்லிய குழாயில் உள்ள மின்முனைகளால் மூச்சிழுக்கும் முக்கியத் தசையான உதரவிதானத்தின் மின்னசைவையே படித்து, அதற்கேற்ப உதவி தரும் முறையும் உண்டு. உறக்கத்தில் தொண்டை அடைபடுவதைச் சரிசெய்யும் தானியங்கி சிபாப், மூச்சுப்பாதை அடைபடுகிறதா என்பதை மட்டுமே கவனிக்கிறது. உடலுழைப்புக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

பெயரை வைத்து முடிவெடுப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 'அடாப்டிவ் சர்வோ வென்டிலேஷன்' என்ற முறை, மூளையிலிருந்து மூச்சுக்கான கட்டளை விட்டுவிட்டு வரும் உறக்கக் குறைபாட்டுக்காக உருவானது. இதயத்தின் வெளியேற்றும் திறன் 45 விழுக்காடோ அதற்குக் குறைவாகவோ இருந்த இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு ஒன்று 2015இல் வெளியானது. இதயக் காரணங்களால் ஏற்படும் இறப்பு, அந்தக் கருவியைப் பயன்படுத்திய குழுவில்தான் கூடுதலாக இருந்தது. பெயரில் 'அடாப்டிவ்' இருப்பதனாலேயே ஒரு கருவி எல்லோருக்கும் பொருந்திவிடாது.

உழைக்கும்போது உதவியைக் குறைக்கும் கருவி

நான் மிக முக்கியமாகக் கருதுவது இந்தத் தவறைத்தான், ஏனெனில் திரையைப் பார்ப்பவர்களுக்கு எல்லாம் சரியாக நடப்பதுபோலவே தோன்றும். வீட்டில் பயன்படும் பல பைபாப், வென்டிலேட்டர் கருவிகளில் காற்றின் அளவை உறுதிசெய்யும் முறை ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு மூச்சிலும் 500 மில்லி லிட்டர் உள்ளே போக வேண்டும் என்று மருத்துவர் இலக்கு வைத்து, அதற்காக அழுத்த உதவியை 8 முதல் 20 செ.மீ. நீரழுத்தம் வரை மாற்றிக்கொள்ளக் கருவிக்கு இடம் கொடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உறக்கத்தில் தசைகள் தளர்ந்து மூச்சு 400 மில்லி லிட்டராகக் குறைந்தால், கருவி அழுத்தத்தைக் கூட்டி இலக்கை எட்டச் செய்கிறது. இதற்காகத்தான் அந்த முறையே உருவாக்கப்பட்டது. இரவில் அது நன்றாகவே வேலை செய்கிறது.

அதே அமைப்பை வைத்துக்கொண்டு நோயாளி நடக்கத் தொடங்கினால் கதை தலைகீழாகிறது. உடலின் தேவை கூடியதால் அவர் தம் தசைகளால் பலமாக இழுக்கிறார். மூச்சுக்கு 600 மில்லி லிட்டர் உள்ளே போகிறது. இலக்கைவிடக் கூடுதலாகக் காற்று போவதைக் கண்ட கருவி, இவருக்கு உதவி தேவையில்லை என்று கணக்கிட்டு அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைக்கிறது. உதவி மிகவும் தேவைப்படும் நேரத்தில் சுமை முழுவதும் களைத்த தசைகளின் மேல் விழுகிறது. திரையிலோ 'இலக்கு எட்டப்பட்டது' என்றே தெரியும். அந்த எண்ணைப் பார்த்து மனநிறைவு கொள்ளாமல், அவர் கழுத்துத் தசைகள் இழுத்துக்கொள்கின்றனவா, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேசி முடிக்க முடிகிறதா என்று பார்ப்பது நல்லது.

இதற்குத் தீர்வு கருவிக்குள்ளேயே இருக்கிறது, ஆனால் பலர் கேட்பதில்லை. பல வீட்டு வென்டிலேட்டர்களில் ஒன்றுக்கு மேற்பட்ட அமைப்புகளைச் சேமித்து வைக்கலாம்: உறக்கத்துக்கு ஒன்று, பகலில் உட்கார்ந்திருக்க ஒன்று, நடைக்கோ உடற்பயிற்சிக்கோ நிலையான அழுத்தத்துடன் ஒன்று. அல்லது, குறைந்தபட்ச அழுத்த உதவியின் வரம்பை உயர்த்தி வைத்தால், கருவி அதற்குக் கீழே இறங்காது. எதைச் செய்தாலும் நோயாளி நடக்கும்போது பார்த்துத்தான் மருத்துவர் அமைக்க வேண்டும். படுக்கையில் படுத்திருக்கையில் அமைத்த எண்களைக் கொண்டு நடைக்கு முடிவெடுக்க இயலாது.

முயற்சி கூடக் கூட உதவியையும் கூட்டும் முறை இல்லாமல் இல்லை. கனடாவைச் சேர்ந்த மாக்டி யூனெஸ் 1992இல் விளக்கிய விகிதாசார உதவி முறை அத்தகையது. ஆனால் நுரையீரலின் விறைப்பும் மூச்சுப்பாதையின் தடையும் எவ்வளவு என்று அதற்குச் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். மாஸ்க்கில் காற்று கசிந்தால் அதன் கணக்கு பிசகி, நோயாளி நிறுத்திய பின்பும் காற்றைத் தள்ளிக்கொண்டிருக்கக்கூடும். பெரும்பாலும் அது மருத்துவமனைகளுக்குள்ளேயே இருப்பதற்கு இது ஒரு காரணம்.

மூச்சை வெளிவிட நேரம் தராமல் இருப்பது

மூச்சு வாங்கினால் உள்ளே போகும் காற்றைக் கூட்ட வேண்டும் என்று நினைப்பது இயல்பு. அடைப்பு நோய் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் சிக்கல் வெளிவிடுவதில்தான் இருக்கிறது. நிமிடத்துக்கு 15 மூச்சு என்றால் ஒவ்வொன்றுக்கும் 4 நொடி கிடைக்கும், கருவி 1.2 நொடி காற்றைத் தள்ளினாலும் வெளிவிட 2.8 நொடி மிஞ்சும். நடக்கும்போது அதுவே 30 மூச்சாகிவிட்டால் மூச்சுக்கு 2 நொடிதான். தள்ளும் நேரம் மாறாமல் இருந்தால் வெளிவிட 0.8 நொடி மட்டுமே எஞ்சும். முழுதாக வெளியேறாத காற்று நெஞ்சுக்குள் தேங்கித் தேங்கி அழுத்தமாக மாறுகிறது. அந்த அழுத்தத்தைத் தாண்டி இழுத்தால்தான் கருவி மூச்சை உணரும் என்பதால், நோயாளியின் முயற்சிகளில் சில கருவிக்கு எட்டாமலே வீணாகின்றன. மார்பு எழும்பும் எண்ணிக்கையையும் கருவி காற்று தள்ளும் எண்ணிக்கையையும் ஒரு நிமிடம் ஒப்பிட்டுப் பார்த்தால் இது புலப்படும். இரண்டும் ஒத்துப்போகவில்லையென்றால், வீட்டில் யாரும் அழுத்தத்தைக் கூட்டக் கூடாது. நடையை நிறுத்தி, முன்னோக்கிச் சாய்ந்து உட்கார வைத்துவிட்டு, மருத்துவரிடம் அந்த எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும்.

எண் 2 என்பது 2 லிட்டர் அன்று

காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும், கையில் தூக்கிச் செல்லும் ஆக்சிஜன் செறிவூட்டிகளில் நேரும் குழப்பம் வேறு வகையானது. இவற்றுள் பல ஆக்சிஜனைத் தொடர்ந்து விடுவதில்லை. மூச்சை இழுக்கத் தொடங்கும் கணத்தில் மட்டும் ஒரு சிறு அளவைச் செலுத்துகின்றன. அதன் பொத்தானில் உள்ள 1, 2, 3 என்பவை வரிசை எண்களே. நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று அவற்றைப் பொருள்கொள்ளக் கூடாது. ஒரு நிறுவனத்தின் 2ஆம் எண்ணும் மற்றொரு நிறுவனத்தின் 2ஆம் எண்ணும் ஒரே அளவைத் தருவதில்லை. மருத்துவர் '2 லிட்டர்' என்று எழுதியதைப் பார்த்து, கருவியில் 2ஐ வைத்துக்கொண்டு கிளம்புவதுதான் இங்கே மிகப் பரவலான தவறு.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஒரு நிமிடத்துக்கு 1000 மில்லி லிட்டர் ஆக்சிஜன் மட்டுமே உற்பத்தி செய்யக்கூடிய சிறு கருவியை எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 20 மூச்சுக்கு அது மூச்சுக்கு 50 மில்லி லிட்டர் தரும். நடையில் மூச்சு 40ஆக உயர்ந்தால் 25 மில்லி லிட்டர்தான் தர முடியும். மூச்சின் வேகம் மாறினாலும் ஒவ்வொரு மூச்சுக்கும் தரும் அளவைக் குறையாமல் காக்கும் கருவிகள் இருக்கின்றன. 'தானாக மாறும்' என்று அவற்றுக்குச் சொல்லப்படுவதன் பொருள் அவ்வளவுதான். இரத்தத்தில் ஆக்சிஜன் போதுமா என்பது அவற்றுக்குத் தெரியாது, உற்பத்தியின் உச்சவரம்பைத் தாண்டவும் அவற்றால் முடியாது. தழும்பு நோயில் நடந்தவுடன் ஆக்சிஜன் செங்குத்தாக இறங்குவதால், அந்த நோயாளிகளில் பலருக்குச் சிறு கருவி போதாமல் போகிறது. வாங்குவதற்கு முன்பு, வாங்கப்போகும் அதே கருவியை மாட்டிக்கொண்டு ஆறு நிமிட நடைச் சோதனை செய்துபார்க்க வேண்டும்.

வாயால் மூச்சிழுத்தால் மூக்குக்குழாய் அந்த மூச்சை உணராமல் விட்டுவிட வாய்ப்புண்டு. மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து மெல்ல ஊதி வெளிவிடும் பழக்கம் இங்கே இரட்டைப் பயன் தரும்: கருவி மூச்சைத் தவறவிடுவது குறையும், தேங்கும் காற்றும் குறையும். இப்படி மூச்சிழுக்கும் கணத்தில் மட்டும் ஆக்சிஜன் தரும் துடிப்பு முறைக் கருவியை மருத்துவர் சோதித்துச் சொல்லாமல் உறக்கத்தில் பயன்படுத்துவதும் தவறே, ஏனெனில் உறக்கத்தில் மூச்சு மிகவும் மெலிதாகிவிடும்.

ஆக்சிஜனைத் தாமே கூட்டிக்கொள்வது

மூச்சு வாங்குவதெல்லாம் ஆக்சிஜன் குறைவால் அன்று. தசை சோர்ந்தாலும் காற்று தேங்கினாலும் செறிவு சரியாக இருக்கையிலேயே மூச்சு வாங்கும். அப்போது ஆக்சிஜனைக் கூட்டினால் பயனில்லை என்பதோடு, கரியமில வாயு தேங்கும் இயல்புள்ளவர்களுக்கு அது தீங்காகவும் முடியும். அவர்களுக்கு மருத்துவர்கள் பொதுவாக 88 முதல் 92 விழுக்காடு செறிவையே இலக்காக வைக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவில் ஆம்புலன்ஸ் நோயாளிகளிடையே நடத்தப்பட்டு 2010இல் வெளியான ஆய்வில், தடையின்றி ஆக்சிஜன் பெற்றவர்களைவிட இந்த வரம்புக்குள் அளந்து பெற்றவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது. நடைக்காகக் கூட்டிய எண்ணை உட்கார்ந்த பின்பும் குறைக்க மறந்துவிடுவது அன்றாடம் நடப்பது. காலையில் தலைவலி, வழக்கத்துக்கு மாறான தூக்கக் கலக்கம், பேச்சில் குழப்பம், நீட்டிய கைகள் படபடப்பது ஆகியவை கரியமில வாயு கூடியதன் அடையாளங்கள். ஆக்ஸிமீட்டர் இதைக் காட்டாது. 95 என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே நோயாளி மயக்கத்தில் ஆழ்ந்துவிடக்கூடும்.

ஆக்ஸிமீட்டருக்கு வேறு குறைகளும் உண்டு. நுரையீரலில் நிகழ்ந்த மாற்றம் விரலில் தெரியச் சிறிது நேரமாகும் என்பதால், நின்ற பிறகே எண் இன்னும் கீழிறங்குவதைக் காணலாம். கை அசைந்தாலும் விரல் குளிர்ந்திருந்தாலும் நகச்சாயம் பூசியிருந்தாலும் எண் பிழையாகலாம். கருமையான தோல் உள்ளவர்களுக்கு அது உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும் வாய்ப்பு அதிகம் என்பதை 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று எடுத்துக்காட்டியது. ஆக்ஸிமீட்டரை நம்பித் தானாக இயங்கும் கருவிக்கும் இந்தப் பிழைகள் அத்தனையும் அப்படியே போய்ச் சேரும்.

நடக்கும்போது ஒருமுறை எண் இறங்கியது என்பதற்காக வாழ்நாள் முழுவதும் ஆக்சிஜன் தேவை என்று முடிவுகட்டுவதும் சரியன்று. ஓய்விலேயே ஆக்சிஜன் மிகக் குறைந்தவர்கள் நாளுக்கு 15 மணி நேரமேனும் அதைப் பெற்றால் ஆயுள் நீள்கிறது என்பது 1980களின் தொடக்கத்திலேயே தெரிந்தது. ஆனால் மிதமான குறைவு உள்ளவர்களையும் நடையில் மட்டும் குறைபவர்களையும் ஆராய்ந்து 2016இல் வெளியான ஆய்வில் அத்தகைய பயன் தென்படவில்லை. சிலருக்கு நடை எளிதாகலாம். அதைத் தனித்தனியே சோதித்துத்தான் அறிய வேண்டும்.

மாஸ்க், பை, மின்கலம்

வீட்டு பைபாபில் வெளிவிடும் காற்று, மாஸ்க்கிலோ குழாயிலோ உள்ள சிறு துளைகள் வழியாகவே வெளியேறுகிறது. நடக்கையில் துணியோ போர்வையோ அதை மூடிவிடக் கூடாது. மருத்துவமனையில் இரட்டைக் குழாய் வென்டிலேட்டருக்குப் பயன்பட்ட துளையில்லா மாஸ்க்கை வீட்டுக் கருவியில் மாட்டுவது இதைவிடப் பெரிய ஆபத்து. விட்ட மூச்சையே திரும்ப இழுக்க நேரிடும். உடல் அசைவில் மாஸ்க் நழுவிக் காற்று கசிந்தால், கருவி அந்தக் கசிவையே மூச்சு என்று எண்ணித் தேவையின்றித் தள்ளத் தொடங்கலாம். ஈரப்பதமூட்டியில் நீரை வைத்துக்கொண்டு நடந்தால் அது குழாய்க்குள்ளோ கருவிக்குள்ளோ புகும். செறிவூட்டியைக் காற்று புகாத பைக்குள் வைத்தால் சூடாகி நின்றுவிடும். விளம்பரத்தில் சொல்லப்படும் மின்கல நேரம் பெரும்பாலும் குறைந்த எண்ணில் கிடைப்பது. நடைக்கான எண்ணில் வைத்து வீட்டிலேயே ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். தொந்தரவாக இருக்கிறது என்று அலாரத்தை அடக்கிவிட்டு நடக்க வேண்டாம். ஆக்சிஜன் ஓடும் குழாயை அடுப்புக்கோ புகைபிடிப்பவருக்கோ அருகில் கொண்டுபோகவே கூடாது.

மருத்துவரிடம் செல்லும்போது பலர் கருவியை வீட்டிலேயே விட்டுச் செல்கிறார்கள். பல வீட்டு வென்டிலேட்டர்கள் மூச்சின் எண்ணிக்கை, கசிவு, கொடுத்த அழுத்தம் ஆகியவற்றை நேரவாரியாக நினைவகத்தில் வைத்திருக்கும். எந்த நாளில் எந்த நேரத்தில் நடந்தீர்கள், எப்போது நிற்க வேண்டியிருந்தது என்று ஒரு தாளில் குறித்து அதையும் கருவியையும் சேர்த்து எடுத்துச் சென்றால், நடந்த நேரத்தில் கருவி உதவியைக் கூட்டியதா குறைத்ததா என்பதை அவர் அந்தப் பதிவில் நேரடியாகப் பார்த்து அமைப்பை மாற்ற முடியும்.