பாதி பாதியாக மாற்றிய வாய்க்கால் பாலம்

சோழவந்தான் பக்கம் எங்கள் வீட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவே பெரியாறு பாசன வாய்க்கால். மேலே 14 அடி அகலத்துக்கு அடுக்கிய பழைய கருங்கல் பலகைகள்தான் பாலம். மணல் லாரி ஏறி இரண்டு பலகை விரிசல் விட்டுவிட்டது. உள்ளே நான்கு வீடுகள். எதிர்வீட்டுப் பாட்டிக்கு ஆஸ்பத்திரி போக ஆட்டோ வாசல் வரை வந்தாக வேண்டும். பாதையை அடைக்கவே முடியாது.

பாசனத் துறையில் அனுமதி வாங்கவே இரண்டு மாதம். தண்ணீர் நிறுத்திய சித்திரையில் ஆரம்பித்தோம். தனித்தனிப் பலகைகள் என்பது வசதியாகப் போயிற்று: ஒரு பாதியை மட்டும் பெயர்த்தோம், மறுபாதியில் ஆட்டோ போனது. பெயர்த்த பக்கம் கம்பி கட்டி கான்கிரீட் போட்டோம். கொத்தனார் குறுக்குக் கம்பியை ஓரத்தோடு வெட்டப் பார்த்தார். தடுத்து, ஒன்றரை அடி வெளியே நீட்டி விடச் சொன்னேன். அடுத்த பாதியின் கம்பி அதோடு சேராவிட்டால் நடுவில் பிளந்துகொள்ளும். நீட்டிய கம்பிமேல் யாரும் விழாமல் மணல் மூட்டை அடுக்கினோம்.

அப்புறம் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க ஆட்கள் எல்லோரும் மதுரைக்குப் போய்விட்டார்கள். சரி, சாக்கு நனைத்துத் தண்ணீர் காட்டும் வேலை என் தலையில்! 14 நாள் கழித்து, கான்கிரீட்டை அடியில் தாங்கிய முட்டுக்கால்களைப் பிரித்து ஆட்டோவை இந்தப் பக்கம் திருப்பினோம், மறுபாதியைத் தொட்டோம். லாரியை மட்டும் இரண்டாம் பாதிக்கும் 28 நாள் முடியும் வரை ஏற்றவில்லை. செங்கல் லோடு ரோட்டிலேயே இறங்கியது, தலைச்சுமைக் கூலி தனி.