கடகடக்கும் எஞ்சின்: டைமிங் செயின் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செந்தூல் பக்கத்துப் பட்டறை ஒன்றில் ஒரு காலைப்பொழுது நின்று பார்த்தால் போதும். கார் வந்து நிற்கும், முன்பக்கம் கடகடவென்று சத்தம். புதிதாகச் சேர்ந்த தம்பி குனிந்து காது கொடுத்துவிட்டு, "செயின்தான் பாஸ்" என்பான். கீழே கிராங்க் தண்டு சுழல்வதை, மேலே வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டுக்குக் கொண்டுபோகும் டைமிங் செயினைத்தான் சொல்கிறான். பல நேரம் அவன் சொல்வது சரியாகவே இருக்கும். அதற்கப்புறம் அவன் கை எங்கே போகிறது என்பதில்தான் தவறு. நாமெல்லாம் தொடக்கத்தில் செய்த அதே தவறுகளை இன்றைக்குச் சேர்ந்த பையன்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். போல்ட்டைத் தொலைப்பது, பேட்டரி வயரைக் கழற்ற மறப்பது போன்றவை எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடலாம். பணத்தைத் தின்னும் தவறுகள் மட்டும் இங்கே.

செயின் இருக்கிறதா என்றே பார்க்காமல் பேசுவது

பெரோடுவா மைவி 1.3, 1.5, டொயோட்டா வியோஸ் 1.5 எல்லாம் செயின். புரோட்டானின் கேம்ப்ரோ எஞ்சின் வைத்த சாகா, பெர்சோனா, ஜென்-2 எல்லாம் ரப்பர் பெல்ட். பெல்ட் எஞ்சினில் செயின் சத்தம் வராது. அங்கே டென்ஷனர் பேரிங்கையும் வாட்டர் பம்பையும் பாருங்கள்.

சூடான எஞ்சினில் காது வைப்பது

பூச்சோங்கிலிருந்து ஒரு மணி நேரம் ஜாமில் ஓடி வந்த காரை நிறுத்தியதும் கேட்டால் ஒன்றும் கேட்காது. செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் முழுக்க எண்ணெய் நிறைந்திருக்கும், செயின் இறுகியிருக்கும். "கோல்ட் ஸ்டார்ட்" என்றால் குளிர்காலம் என்று அர்த்தமில்லை. கோலாலம்பூரில் விடியற்காலையிலும் 24, 25 டிகிரிதான். எண்ணெய் கீழே இறங்கியிருக்க வேண்டும், அதுதான் கணக்கு. காரை இரவு பட்டறையிலேயே விடச் சொல்லுங்கள், எட்டு மணி நேரமாவது நிற்கட்டும்.

காலையில் முதல் வேலை டிப்ஸ்டிக். ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே பாருங்கள். பல சின்ன எஞ்சின்களில் மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு லிட்டர். கீழ்கோட்டுக்கும் கீழே இருந்தால் டென்ஷனருக்குப் போதுமான எண்ணெய் போகாது. அதைச் சரிசெய்யாமல் மேற்கொண்டு எதையும் சோதிப்பதில் பயனில்லை. பிறகு பானெட்டைத் திறந்து, கைப்பேசியை டைமிங் கவர் பக்கம் வைத்துப் பதிவு செய்துகொண்டு, இன்னொருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். நொடிகளை எண்ணுங்கள்.

ஒரு நொடி கடகடத்து நின்றுவிட்டால் முதலில் எண்ணெய் ஃபில்டரைச் சந்தேகியுங்கள். எண்ணெய் திரும்பி வடியாமல் தடுக்கும் ரப்பர் வால்வு அதற்குள் இருக்கிறது. மலிவு ஃபில்டரில் அது சீக்கிரம் கெட்டியாகிவிடும். பத்திருபது வெள்ளி (ரிங்கிட்) சாமான். மூன்று, ஐந்து நொடி நீடித்தாலோ, சூடான பிறகும் ஐட்லிங்கில் கேட்டாலோ, 2000 ஆர்.பி.எம்.மிலிருந்து ஆக்சிலரேட்டரை விடும்போது ஒரு சரசரப்பு வந்தாலோ, செயின், அது உரசி ஓடும் பிளாஸ்டிக் கைடு, டென்ஷனர் மூன்றையும் பார்க்க வேண்டிய கட்டம்.

சத்தத்தை முதலில் அடக்குவது

இதை விரிவாகச் சொல்லியாக வேண்டும். எத்தனை தடவை சொன்னாலும் இது நின்றபாடில்லை, பார்க்கும்போதெல்லாம் வயிறெரிகிறது.

கதை வழக்கமாக இப்படித்தான் போகும். கார்க்காரர் கையில் காசு குறைவு. பிள்ளைகளுக்குப் பள்ளி திறக்கப்போகிறது. தம்பி அவருக்கு உதவுவதாக நினைத்து, 5டபிள்யூ-30 என்ற மெல்லிய எண்ணெய் ஊற்ற வேண்டிய எஞ்சினில் 20டபிள்யூ-50 என்ற தடித்த எண்ணெயை ஊற்றி, சத்தம் குறையும் என்று எழுதிய ஒரு டின்னையும் சேர்த்துக் கலந்துவிடுவான். மறுநாள் காலை போன் வரும்: "தம்பி, சத்தம் போச்சுப்பா, காடி நல்லா இருக்கு." அன்றைக்கு இரண்டு பேருக்கும் சந்தோஷம்.

சத்தம் ஏன் போனது? டென்ஷனர் என்பது எண்ணெய் அழுத்தத்தில் வெளியே தள்ளிக்கொண்டு வரும் ஒரு சின்ன பிஸ்டன். உள்ளே ஒரு ஸ்ப்ரிங், எண்ணெய் திரும்பாமல் இருக்க ஒரு குண்டு வால்வு. தேய்ந்துபோன டென்ஷனரில் இரவெல்லாம் எண்ணெய் இடுக்கு வழியாகக் கசிந்துவிடும். காலையில் அழுத்தம் ஏறும்வரை செயின் தொளதொளவென்று ஆடி கைடிலும் கவரிலும் அடிக்கும். தடித்த எண்ணெய் அந்த இடுக்கில் மெதுவாகக் கசியும், காலையிலும் கொஞ்சம் மிச்சமிருக்கும். அவ்வளவுதான் நடந்தது. செயினின் தேய்மானம் மயிரிழைகூடக் குறையவில்லை.

செயின் "நீண்டுவிட்டது" என்கிறோமே, இரும்பு ரப்பர்போல இழுபடுவதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் அதைக் கோத்திருக்கும் ஊசியும் அதைச் சுற்றிய துளையும் தேய்கின்றன. நூறு கண்ணியில் கண்ணிக்கு 0.02 மில்லிமீட்டர் தேய்ந்தால் மொத்தம் 2 மில்லிமீட்டர் நீளம் கூடிவிடும். கேம் பின்தங்கும், டென்ஷனர் தன் பல்வரிசையில் கடைசிப் பல்வரை வந்து நிற்கும். அதற்கு மேல் தள்ள இடமில்லாதபோது செயின் பிளாஸ்டிக் கைடை அறுக்கத் தொடங்கும்.

இந்த நேரத்தில் நமக்கு இருக்கும் ஒரே எச்சரிக்கை அந்தக் காலைச் சத்தம். அதைத்தான் 20டபிள்யூ-50 வாயடைத்துவிடுகிறது. கைடு உடைந்து துண்டுகள் எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்புக்குள் விழும். எண்ணெய் உறிஞ்சும் ஸ்ட்ரெய்னர் வலையில் போய் ஒட்டும். சில வாரமோ சில மாதமோ கழித்து, ஃபெடரல் ஹைவே ஜாமில் நிற்கும்போது எண்ணெய் விளக்கு மினுக்கும். கார்க்காரர் வீடு வரைக்கும் ஓட்டிவிடலாம் என்று நினைப்பார். வீடு போய்ச் சேர்வதற்குள் கிராங்க் பேரிங் போயிருக்கும். செயின் கிட்டோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, ஹாஃப்-கட் கடையில், அதாவது வெட்டிய பழைய கார்களின் சாமான் விற்கும் கடையில், எஞ்சின் தேடும் வேலையாகிவிடும்.

"நம்ம ஊரு வெயிலுக்குத் தடிச்ச எண்ணெய்தான் நல்லது" என்று ஒரு வாதம் உண்டு. 40 டிகிரியிலேயே 20டபிள்யூ-50, 5டபிள்யூ-30ஐவிட இரண்டு மடங்குக்கு மேல் கெட்டி. நின்ற எஞ்சின் அதைவிடக் குளிர்ந்திருக்கும். பம்பிலிருந்து மேலே கேம் வரை போய்ச் சேர அந்த எண்ணெய்க்கு நேரம் பிடிக்கும். ஓட்டத்துக்கு ஏற்ப வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் விவிடி வைத்த எஞ்சினில் எண்ணெய்க் கட்டுப்பாட்டு வால்வின் முன்னால் மெல்லிய வலை ஒன்று இருக்கும். அதன் வழியே போய் கேமைத் திருப்ப வேண்டிய எண்ணெய் தாமதமானால் ஐட்லிங் தள்ளாடும், ஸ்கேனரில் பி0011 என்ற கோளாறுக் குறியீடு (கோடு) வரும். பிறகு இல்லாத விவிடி கோளாறைத் தேடி இரண்டு நாள் போகும்.

மாறாக என்ன செய்வது? சத்தத்தைப் பதிவு செய்யும்வரை எண்ணெயை மாற்றாதீர்கள். பதிவானதும் மிஞாக் ஹித்தாமை (எஞ்சின் எண்ணெயை) வடியுங்கள், ஆனால் பழைய வெள்ளைப் பனியன் துணி வழியாக. துணியில் நிற்பதை விரலால் தடவிப் பாருங்கள். பழுப்பு அல்லது கறுப்பு நிறத்தில், நகத்துண்டு அளவுக்கு பிளாஸ்டிக் கிடைத்து, அதன் ஒரு பக்கத்தில் செயின் உழுத இணையான பள்ளங்கள் தெரிந்தால் அது கைடு. பழைய ஃபில்டரையும் அறுத்து, காகித மடிப்பை விரித்து வெளிச்சத்தில் பிடியுங்கள். மினுமினுத்தால் உலோகத் தேய்மானம். இரண்டும் சுத்தமாக இருந்தால், புத்தகத்தில் சொன்ன தரத்திலேயே எண்ணெயும் நல்ல ஃபில்டரும் போட்டு, இன்னொரு இரவு நிறுத்தி மறுபடி கேளுங்கள். பிளாஸ்டிக் கிடைத்தால், காசு இல்லையென்றாலும் கார்க்காரரிடம் துண்டைக் கையில் கொடுத்துக் காட்டுங்கள். பார்த்த பிறகு அவர்களே ஓட்ட மாட்டார்கள்.

கிலோமீட்டரை மட்டும் பார்த்து எண்ணெய் மாற்றுவதும் இதோடு சேர்ந்த தவறுதான். தினமும் இரண்டு மணி நேரம் ஜாமில் உறுமிக்கொண்டே நிற்கும் எஞ்சினுக்கு மீட்டர் ஏறாது, எண்ணெய் கெடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்ற வேண்டும் என்ற கெடு அதற்காகத்தான்.

ஃபேன் பெல்ட்டைக் கழற்றாமல் தீர்ப்புச் சொல்வது

பெல்ட்டைக் கழற்றி எஞ்சினை அரை நிமிடம் மட்டும் ஓட்டுங்கள். சத்தம் போய்விட்டால் ஆல்டர்னேட்டர், ஐட்லர், ஏர்கான் கம்ப்ரஸர், அந்த பெல்ட்டில் ஓடும் வாட்டர் பம்ப் இவற்றில் ஒன்று. போகவில்லையென்றால் நீள ஸ்க்ரூடிரைவரை டைமிங் கவர், வால்வ் கவர், சம்ப், கியர்பாக்ஸ் கூடு என்று மாற்றி மாற்றி வைத்துக் கேளுங்கள். கியர்பாக்ஸ் பக்கம் பலமாகக் கேட்டு, கியரை டி-யில் போட்டதும் மாறினால் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் ஃப்ளெக்ஸ் பிளேட்டைப் பாருங்கள். ஒரு சிலிண்டரின் இன்ஜெக்டர் வயரைக் கழற்றியதும் சத்தம் குறைந்தால் அது கனெக்டிங் ராட். செயின் அப்படி மாறாது. எக்ஸாஸ்டின் வெப்பத் தகடு தளர்ந்தாலும் இதே கடகடதான், எஞ்சின் ஆறியபின் கையால் தட்டினாலே தெரிந்துவிடும்.

ஸ்கேனர் கோடைப் பார்த்ததும் செயின் வாங்கக் கிளம்புவது

பி0016 என்றால் கேமும் கிராங்கும் ஒத்துப்போகவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். நீண்ட செயின், ஒரு பல் தாவிய செயின், சிக்கிய விவிடி கியர், அடைத்த எண்ணெய்க் கட்டுப்பாட்டு வால்வு, கெட்ட சென்சார் எல்லாமே அந்தக் கோட்டைத் தரும். சத்தம், துணியில் கிடைத்த துண்டு, கோடு மூன்றும் ஒரே இடத்தைக் காட்ட வேண்டும்.

நிறக் கண்ணி பொருந்தவில்லை என்று பதறுவது

வால்வ் கவரைத் திறந்து, செயினிலுள்ள நிறக் கண்ணிகள் ஸ்ப்ராக்கெட் (பற்சக்கர) புள்ளிக்கு நேராக இல்லை என்று "பல் தாவிடுச்சு" என்பார்கள். அந்தக் கண்ணிகள் பூட்டும்போது வைக்கும் அடையாளம். ஒரு சுற்று சுற்றியதும் விலகிவிடும், பல சுற்றுக்கு ஒருமுறைதான் திரும்பப் பொருந்தும். பார்க்க வேண்டியது கிராங்கின் டிடிசி (பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை) குறியும் கேம் ஸ்ப்ராக்கெட் குறிகளும் மட்டுமே.

எஞ்சினைப் பின்னோக்கிச் சுற்றுவது

கூடாது. தொய்வு டென்ஷனர் பக்கமில்லாமல் மறுபக்கம் சேர்ந்து பல் தாவும்.

செயினை மட்டும் மாற்றுவது

பழைய பற்களில் புதுச் செயின் போட்டால் அது அவற்றின் தேய்மானத்துக்கு ஏற்பத் தேயும். செயின், இரண்டு கைடு, டென்ஷனர், ஸ்ப்ராக்கெட்டுகள், முன் ஆயில் சீல் சேர்ந்ததுதான் ஒரு வேலை. கைடு உடைந்திருந்தால் சம்பை இறக்கி ஸ்ட்ரெய்னரைக் கழுவுங்கள். கிடைத்த துண்டுகளைப் பழைய கைடோடு பொருத்தி வைத்துப் பாருங்கள். ஒரு துண்டு குறைந்தாலும் அது இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

சிலிகான்

டைமிங் கவரை ஒட்ட 3 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு கோடு போதும். உள்ளே பிதுங்கியது ஸ்ட்ரெய்னருக்குத்தான் போகும்.

கையால் சுற்றாமல் சாவி திருப்புவது

பூட்டும்போது டென்ஷனரை உள்ளே அழுத்திப் பிடித்திருந்த ஊசியை (பின்) உருவிவிட்டோமா என்று இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கிராங்க் போல்ட்டில் ராட்செட் போட்டு, ஓடும் திசையில் முழுதாக இரண்டு சுற்று. நடுவில் கெட்டியாகத் தட்டி நின்றால் வால்வு பிஸ்டனைத் தொடுகிறது. ஒரு அங்குலம்கூட அழுத்தாமல் மறுபடி கழற்றுங்கள். இரண்டு சுற்றும் சுற்றி, குறிகள் மறுபடி நேராக நின்றால் கவரை மூடலாம். சாவியை அன்றைக்கே கொடுத்துவிடாதீர்கள். இரவு நிற்கட்டும், காலையில் அதே கைப்பேசியை அதே இடத்தில் வைத்துப் பதிவு செய்து, பழைய பதிவோடு ஒப்பிட்டுக் கேட்ட பிறகு கொடுங்கள்.