முட்டி வலி, இடுப்பு வலியோடு எடை குறைக்க: தோட்டத்துப் பட்டணத்தில் செய்யக்கூடியவை

மலேசியத் தோட்டங்களில் பல ஆண்டுகள் ரப்பர் பால் வெட்டியவர்களுக்கும், செம்பனைக் குலை தூக்கி உதிரிப் பழம் பொறுக்கியவர்களுக்கும் முட்டியும் இடுப்பும் சொன்னபடி கேட்பதில்லை. வேலை நின்ற பிறகும் சாப்பாடு மட்டும் பெரட்டுக்கு (விடிகாலை ஆள் கணக்கெடுப்புக்கு)ப் போன காலத்து அளவிலேயே இருக்கும். எடை ஏறும், வலி கூடும், நடை குறையும், எடை இன்னும் ஏறும்.

இதை உடைக்கப் பெரிய குறைப்பு தேவையில்லை. உடம்பில் 1 கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முட்டி தாங்கும் பாரம் சுமார் 4 கிலோ குறைகிறது. 80 கிலோ உள்ளவர் ஆறு மாதத்தில் 76-க்கு வந்தாலே போதும். அதைவிட அவசரப்பட்டுப் பட்டினி கிடந்தால் கொழுப்போடு தொடைச் சதையும் கரையும். முட்டியைப் பிடித்து நிறுத்துவதே அந்தச் சதைதான்.

நடை: வலியைப் பார்த்து அல்ல, கடிகாரத்தைப் பார்த்து

பெரும்பாலானோர் செய்யும் பிழை ஒன்றுதான். வலி குறைந்த நாளில் வீடு முழுக்கக் கழுவி, கோயில் கோத்தோங் ரோயோங்குக்கும் (கூட்டுத் துப்புரவுப் பணிக்கும்) போய்விட்டு, அடுத்த மூன்று நாள் படுத்துவிடுவார்கள். வாரக் கணக்கில் பார்த்தால் நடந்தது குறைவு, பட்ட வலி அதிகம்.

ஐந்து நாள் நடந்து பாருங்கள். வலி ஏறத் தொடங்கும் நிமிடத்தைத் தினமும் எழுதி வையுங்கள். நல்ல நாள், கெட்ட நாள் இரண்டும் அதில் இருக்க வேண்டும். உதாரணமாக 12, 6, 10, 5, 7 என்று வந்தால் கூட்டு 40, சராசரி 8 நிமிடம். அதில் முக்கால் பங்கு, அதாவது 6 நிமிடம், உங்கள் ஆரம்ப அளவு. காலையும் மாலையும் 6 நிமிடம் நடங்கள். உடம்பு லேசாக இருக்கும் நாளிலும் 6 நிமிடத்தில் நிறுத்திவிட வேண்டும். கடினமான பகுதி இதுதான். வாரத்துக்கு 1 நிமிடம் கூட்டுங்கள்.

வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுங்கள். வழக்கமாக 4 என்றால் நடக்கும்போது 6 வரை ஏறுவதில் ஆபத்தில்லை. நாள்பட்ட வலியில் நரம்புகள் கூருணர்ச்சி அடைந்திருக்கும்; வலிக்கும் ஒவ்வொரு முறையும் மூட்டு கெடுகிறது என்று பொருளல்ல. ஆனால் மறுநாள் காலைக்குள் 4-க்குத் திரும்ப வேண்டும். திரும்பவில்லை என்றால் போன வார அளவுக்கு இறங்குங்கள். வலி கடுமையாகக் கிளம்பிய நாளில் பாதி நேரம் நடங்கள், படுத்தே கிடக்காதீர்கள்.

விடிந்ததும், ஏழேகால் மணி வாக்கில், வெயிலும் குலை லோரிகளும் வருமுன் கிளம்புவது நல்லது. மழை பெய்த செம்மண் சரிவு வேண்டாம். பள்ளிக்கூடப் பாடாங் (திடல்) ஓரம் சமதளமாக இருக்கும். கோயிலை வலம் வருவது புண்ணியம்தான், ஆனால் வெறுங்காலும் சிமெண்டுத் தரையும் குதிகால் வலிக்காரருக்கு ஆகாது. கம்போங் அடிடாஸ் ரப்பர் காலணி சேற்றில் பிடிக்கும், மெத்தென்று இருக்காது. உள்ளே மெத்தை அட்டை ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். கைத்தடி வைத்திருப்பவர்கள் பலர் வலிக்கும் பக்கத்திலேயே பிடிக்கிறார்கள். எதிர்ப் பக்கக் கையில் பிடிக்க வேண்டும். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் தடியின் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வர வேண்டும்.

தொடைக்கு நாற்காலிப் பயிற்சி ஒன்றே போதுமான தொடக்கம். பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும், சுவரோடு ஒட்டி வையுங்கள். கையை ஊன்றாமல் 5 முறை எழுந்து, மூன்று எண்ணும் நேரம் எடுத்து மெதுவாக உட்காருங்கள். சற்று ஓய்ந்து இன்னொரு 5. ஒரு நாள் விட்டு ஒரு நாள். முட்டி குத்தினால் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். முட்டிகள் உள்பக்கம் சாய்வதும் மூச்சை அடக்குவதும் வழக்கமாக நேரும் தவறுகள். அரிவாள்மணையில் குந்தி உட்கார்ந்து நறுக்குவதை மேசைக்கு மாற்றினால் முட்டிக்குப் பாதி நிம்மதி.

எடை இறங்குவது ஒட்டுக்கடையில் (சாலையோரத் தேநீர்க் கடையில்)

நடை மூட்டுக்கும் தூக்கத்துக்கும் மனத்துக்கும் உதவும். எடையை அது மட்டும் இறக்காது. கணக்கைப் பாருங்கள்: ஒரு மேசைக்கரண்டி டின் பாலில் (சீனி சேர்த்துச் சுண்டிய பாலில்) சுமார் 65 கலோரி, பாதிக்கு மேல் சீனி. தே தாரிக் (டின் பால் கலந்து ஆற்றிய தேநீர்) ஒன்றுக்கு 2 கரண்டி என்று வைத்தாலும், நாளுக்கு 3 கிளாஸ் குடித்தால் 390 கலோரி. அதை நடந்து கரைக்க 6 கிலோமீட்டராவது வேண்டும். முட்டி வலிக்காரருக்கு அது நடக்கிற காரியமா?

முதல் இரண்டு வாரம் கூராங் மானிஸ் (இனிப்புக் குறைவாக) கேளுங்கள். பிறகு தே சி கோசோங் (சீனியில்லாத கெட்டிப் பால் தேநீர்), அதிலும் பழகினால் தே ஓ கோசோங் (பாலும் சீனியும் இல்லாதது). ஒரே நாளில் மாறியவர்கள் ஒரே வாரத்தில் பழையபடி திரும்பிவிடுகிறார்கள். மைலோவுக்கும் இதே விதி.

தட்டுக்குச் சுகாதார அமைச்சின் சுக்கு சுக்கு செப்பாரோ (கால், கால், அரை) அளவு எளிது: கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது முட்டை, பாதி காய்கறி, பழம். நம் வீட்டில் சோறு பாதியும் குழம்பு மீதியுமாகத் தட்டு நிறைவதுதான் சிக்கல். கெம்போங் (கானாங்கெளுத்தி) மீன், தெம்பே (புளிக்கவைத்த சோயா), பருப்பு எதையாவது காலையில் பசியாறும்போதே சேர்த்தால் பத்து மணிக்கு வடை தேடாது.

நீரிழிவுக்கு கிளிக்லசைட் அல்லது இன்சுலின் எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மருந்து அதே அளவில் இருக்க, சோறு மட்டும் குறைந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும்.

மாத்திரையே எடையை ஏற்றும்போது

நரம்பு வலிக்குக் கொடுக்கும் பிரிகபாலின், கபாபென்டின், அமிட்ரிப்டிலின் சிலருக்கு எடையைக் கூட்டும். தானாக நிறுத்தாதீர்கள், மாற்று உண்டா என்று கேளுங்கள்.

பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கும் மூட்டு வலி ஜாமு (மூலிகை மருந்து) வேறு வகை ஆபத்து. இரண்டே நாளில் வலி பறந்தால் சந்தேகப்படுங்கள். இப்படிப்பட்ட சரக்குகளில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை மலேசிய அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்திருக்கிறார்கள். முகம் உப்பும், பசி கூடும், வயிறு பெருக்கும், சர்க்கரை ஏறும். டப்பாவில் எம்ஏஎல் (MAL) என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டுவில்லையும் இருக்கின்றனவா பாருங்கள். மாதக்கணக்கில் சாப்பிட்டு வந்தவர் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. டப்பாவோடு கிளினிக்குக்குப் போக வேண்டும்.

சிறுநீர், மலம் அடங்காமல் போவது, தொடையிடுக்கு மரத்துப்போவது, கால் திடீரென வலுவிழப்பது, முயற்சியே இல்லாமல் எடை இறங்குவது ஆகியவற்றுக்கு இந்த வழிமுறை பொருந்தாது. முதல் மூன்றுக்கும் அன்றே மருத்துவமனை.

மற்றவர்கள் அரசாங்கக் கிளினிக்கில் 1 வெள்ளி கட்டி மருத்துவரைப் பார்த்து, பிசியோதெரபிக்குக் கடிதம் கேட்கலாம். போகும்போது நடைக் குறிப்பை எடுத்துச் செல்லுங்கள். “ரொம்ப வலிக்குது டாக்டர்” என்பதோடு நிறுத்தாமல், “போன மாசம் 6 நிமிஷம், இப்போ 9. படி இறங்கும்போது மட்டும் வலி 7” என்று சொன்னால் எந்தப் பயிற்சியை மாற்றுவது என்று அவர்களுக்குத் தெரியும்.